தற்காலிக வாலிபர்கள்

வாரம் தவறாமல் ஏழு பேர் வந்துகொண்டிருந்த இடத்தைப் பூட்டிவிட்டு, ஆள் வருகிற மாதிரி ஓர் இடம் கட்டுவது என்று அந்தச் சபையில் முடிவு செய்தார்கள். முடிவு செய்தவர்கள் ஆறு பேர். அதில் இளையவருக்கு அறுபத்து மூன்று.

தச்சருக்கு இதெல்லாம் தெரியாது. சபைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போவார், கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காருவார், பிரசங்கம் முடிகிறவரை முன் பெஞ்சின் இணைப்பு எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் விஷயம் வீட்டு வாசலுக்கு வந்தது.

மாப்பிள்ளைப் பையன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஆறு மாதத்தில் கப்பல் ஏற வேண்டும். ஏறினால் இறங்க ஒன்றரை வருடம். அதற்குள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் தள்ளிப்போடத் தெரியாதவள். மறுநாளே போய்ப் போதகரிடம் ஓலை வாசிக்கச் சொன்னாள். மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் அங்கே கல்யாணம்.

வாலிபர் ஊழியம் என்கிற, கல்யாணமாகாத பிள்ளைகளின் வாரக் கூட்டத்துக்குப் பத்து வாரம் வந்ததற்குக் கடிதம் இருந்தால்தான் ஓலை என்று சொல்லி அனுப்பிவிட்டார் போதகர். மாப்பிள்ளை ஊர்ச் சபையில் வைத்துக்கொள்ளலாமென்றால், அங்கேயும் பெண்ணின் சபையிலிருந்து அதே கடிதத்தைத்தான் கேட்டார்கள். தச்சர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நாலு வாரம் வந்திருக்கா பாஸ்டர். மீதி ஆறு வாரம்தானே, வரட்டும்."

"எங்கே வருவா? கூட்டத்தை நிறுத்தியாச்சு. மாடிப்படிக்குக் கீழே நடந்துக்கிட்டிருந்தது. அங்கே வரவேற்கும் சூழல் இல்லைன்னு குழு கண்டுபிடிச்சிருக்கு."

"ஏழு பேர் வந்துக்கிட்டுதானே இருந்தாங்க?"

"வந்தாங்க. ஆனா வரவேற்கப்படலை." போதகர் இதை உண்மையான வருத்தத்தோடு சொன்னார். நல்ல மனிதர். எதிரில் எந்தக் காகிதத்தை வைத்தாலும் வாசிப்பார், அவ்வளவுதான் அவரிடம் கோளாறு.

"அப்ப அவ வந்த நாலு வாரம்?"

"வரவேற்பு இல்லாம வந்தது. செல்லாது."

"புது இடம் எப்ப தயாராகும்?"

"நல்ல தச்சரா ஒருத்தர் கிடைச்சதும் ஆரம்பிச்சிடலாம்."

தச்சர் தன் இரண்டு கையையும் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை.

குழுவுக்குப் பெயர் வரவேற்புச் சூழல் அமைப்புக் குழு. தலைவர், சிறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஜெயில் ஐயா என்பார்கள். வாலிபர்களை வரவேற்க ஜெயிலைப் பார்த்துக்கொண்டவரையா பிடித்தார்கள் என்று தச்சருக்கு முதலில் தோன்றியது. ஜெயில் ஐயாவே அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

"முப்பத்தாறு வருஷம் ஆள் வர்ற இடத்தைத்தான் நிர்வாகம் பண்ணியிருக்கேன், தம்பி. ஒரு நாள்கூட வரத்து குறைஞ்சதில்ல. இருக்கிற இடம் பத்தாம புதுக் கட்டடம் கட்டினோம். ஏன்? முறை. வாசல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். வந்தவுடனே பேரு, அப்பா பேரு, உடம்புல அடையாளம் எல்லாம் அன்பா விசாரிக்கணும். நம்மளை ஒருத்தர் கவனிக்கிறார்ங்கிற எண்ணம் அவனுக்கு வந்துக்கிட்டே இருக்கணும். பெஞ்சைத் தரையோட சேர்த்து இறுக்கிடுங்க."

"பெஞ்சு எங்கேங்க ஓடப்போகுது?"

"பெஞ்சு ஓடாது. பெஞ்சு மேல ஏறி, ஜன்னலைப் பிடிச்சு, அவன் ஓடுவான்."

செயலாளர் அம்மாவுக்குக் கவலை வேறு பக்கம். "இங்கே வர்ற பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் நெருக்கமா உணரணும். ஆனா நெருக்கமா உட்காரக் கூடாது."

"எத்தனை அங்குலம் விடட்டும்மா?"

"எதுக்கு? உணர்றதுக்கா, உட்கார்றதுக்கா?"

"எனக்கு உட்கார்றதுக்குத்தாம்மா அளவு தெரியும்."

இரண்டு கூட்டம் போட்டு ஒன்பது அங்குலம் என்று தீர்மானித்தார்கள். தச்சர் சுவர் நீளத்துக்கு ஒரு பெஞ்சு செய்து, ஆளுக்கு ஆள் நடுவே தோள் உயரத்துக்குப் பலகை அடித்தார். பதினோரு இடம் வந்தது. பார்க்க, கன்றுக்குட்டிகளைத் தனித்தனியாகக் கட்ட மறைப்பு அடித்த மாதிரி இருந்தது. குழு வந்து பார்த்துவிட்டு, அன்பு பொங்குகிறது என்றது.

அடுத்து ஒரு நிபுணர் வந்தார். உள் அலங்காரம் படித்தவர். அறையின் நடுவில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். வார்னிஷ் வாடையில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, "ரொம்பப் புதுசா இருக்கு. இது நம்ம இடம்னு அவங்களுக்குத் தோணாது. பல வருஷம் உட்கார்ந்து, தேய்ச்சு, கிறுக்கி வெச்ச மாதிரி இருக்கணும்" என்றார்.

"மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை கிடக்கு. பல வருஷம் உட்கார்ந்து தேய்ச்சுக் கிறுக்கினதுதான். தூக்கிட்டு வரவா?" என்றார் தச்சர்.

ஜெயில் ஐயா தலையை ஆட்டினார். "அது அனுமதியில்லாம கிறுக்கினது."

ஆகவே தச்சர் புது மேஜை செய்தார். இழைத்து, பட்டுப்போல ஆக்கி, அதன் பிறகு சைக்கிள் செயினால் இரண்டு நாள் அடித்தார். கை வேலையை அடித்த அடி நெஞ்சில் விழுந்தது. ஆனாலும் மகளை நினைத்துக்கொண்டு அடித்தார். கிறுக்கல் மட்டும் பாக்கி. அதற்குத் தனிக் கூட்டம். செயலாளர் அம்மா தட்டச்சு செய்த தாளை நீட்டினார். 'மேஜையில் வாலிபர்கள் கிறுக்க வேண்டியவை' என்று மேலே போட்டிருந்தது. மூன்று இடத்தில் 'நன்றி'. ஓரத்தில், அவசரத்தில் கிறுக்கிய மாதிரி, 'நேரம் தவறாமை'. அப்புறம் ஓர் இதயம். உள்ளே எழுத்து வரக் கூடாது.

"அம்பு போடணுமாம்மா?"

"வேண்டாம். அம்பு வந்தா ரெண்டு பேருன்னு ஆயிடும்."

ஒரு கெட்ட வார்த்தையாவது இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள் என்று நிபுணர் பிடிவாதமாக இருந்தார். குழுவில் யாருக்கும் கெட்ட வார்த்தை தெரியாது என்பது முதலில் பதிவு செய்யப்பட்டது. பிறகு ஆளுக்கொரு சீட்டு கொடுத்து ரகசியமாக எழுதச் சொன்னார்கள். ஐந்து சீட்டு வெறுமையாக வந்தது. ஆறாவதைப் பிரித்த செயலாளர் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வரி முழுக்க எழுதியிருந்தது. நிறுத்தற்குறிகூட விடவில்லை. சீட்டை எரித்தார்கள். எல்லாரும் ஜெயில் ஐயாவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். கடைசியில் 'சோம்பேறி' என்பது கெட்ட வார்த்தையாக ஏகமனதாக நிறைவேறியது.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டாள். "என்னங்க வேலை இன்னைக்கு? கையெல்லாம் காயம்."

"மேஜையில 'நேரம் தவறாமை'ன்னு கிறுக்கினேன்."

"நீங்களா? கையெழுத்துப் போடவே நாக்கைக் கடிப்பீங்களே."

"கிறுக்கல் நல்லா வந்திருக்குன்னு அவங்க பாராட்டினது அதனாலதான்."

மகள் சிரித்தாள். சிரித்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தாள். மூன்று மாதம் போயிருந்தது.

அறை முடிந்தது, திறக்க வேண்டியதுதான் என்று தச்சர் நினைத்தார். பேராயர் வந்து திறப்பதற்கு முன் பத்து வாரம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. சோதிக்க வாலிபர்கள் வேண்டும். திறக்காத அறைக்குள் வாலிபர்கள் வரக் கூடாது என்றும் விதி இருந்தது. இரண்டையும் மேஜையில் வைத்துக் குழு ஒரு சாயங்காலம் முழுக்க முழித்தது. பிறகு ஜெயில் ஐயா எழுந்தார்.

"பெரிய பதவி காலியானா என்ன பண்றாங்க? தற்காலிகமா ஒருத்தரைப் போடுறாங்க. வாலிபர் இடம் காலியா இருக்கு. நாமளே தற்காலிகமா வாலிபரா இருந்துட்டுப் போவோம்."

கைதட்டினார்கள். குழுவினர் ஆறு பேர், வீட்டுக்காரர் வீட்டுக்காரி என்று நான்கு பேர், ஆகப் பத்து. பதினோராவது இடம் காலியாக இருந்தால் அறிக்கை குறையுடன் போகும். எல்லாக் கண்ணும் தச்சர் பக்கம் திரும்பியது.

"எனக்கு அறுபத்தொண்ணு ஐயா."

"எனக்கு எழுபத்து நாலு. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"என் மகளை உட்கார வைங்களேன். இருபத்தேழுதான்."

"அவ அசல் வாலிபர். அசல் எல்லாம் திறப்புக்குப் பிறகு" என்றார் செயலாளர் அம்மா.

தச்சர் போதகரைத் தனியாகப் பிடித்தார். "நான் பத்து வாரம் உட்கார்றேன். முடிஞ்சதும் மகளுக்குக் கடிதம் தருவீங்களா?"

"உட்காருங்க. முடிஞ்சதும் அவளுக்கு ஒரு வழி பண்ணலாம்."

'பண்ணலாம்' என்று முடிகிற எந்த வாக்கியத்தையும் தச்சர் வாழ்க்கையில் நம்பியதில்லை. ஆனாலும் உட்கார்ந்தார்.

முதல் வாரம் ஜெயில் ஐயாவின் மனைவி வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர், அப்பா பெயர், அடையாளம் கேட்டு வரவேற்றார். தன் கணவரிடமும் கேட்டார். அப்பா பெயர் சொல்ல ஜெயில் ஐயா கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வாரம் வாலிபர்களின் கருத்து கேட்கப்பட்டது. வாலிபர்களுக்கு முதுகு வலிக்கிறது என்று தெரிய வந்தது. மெத்தை போட்டார்கள். வாலிபர்களுக்கு முட்டி மடங்கவில்லை. வாசற்படியை எடுத்தார்கள். வாலிபர்களுக்குக் காது கேட்கவில்லை என்றதும் நடுப்பலகைகள் எல்லாவற்றையும் தச்சர் கழற்ற வேண்டியதாயிற்று. வெந்நீர் வந்தது. கழிவறைக்குப் பக்கத்து வாசல் வந்தது. இன்றைய வாலிபர்களுக்கு என்ன தேவை என்பது குழுவுக்கு இவ்வளவு தெளிவாக முன்பு எப்போதும் புரிந்ததில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து போக்கு மாறியது. தாமதமாக வந்தார்கள். கேட்டால் தோளைக் குலுக்கினார்கள். செயலாளர் அம்மாவுக்கு வீட்டில் தொண்ணூறு வயது மாமியார். "பெரியவங்க நம்மளைப் புரிஞ்சுக்கிறதே இல்ல" என்று ஒருநாள் கண் கலங்கினார். மற்றவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். ஏழாம் வாரம் ஜெயில் ஐயாவும் அவர் மனைவியும் பெஞ்சில் கைகோத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார்கள். ஒன்பது அங்குல விதிப்படி இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் போனது. தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டவர் ஜெயில் ஐயா. பெற்றுக்கொண்டேன் என்று கீழே போட்டவரும் அவரே.

தச்சர் ஒரு மூலையில் உட்கார்ந்து வாரத்தை எண்ணினார். பத்து முடிந்தது. கப்பலுக்கு மூன்றே ஞாயிறு மிச்சம். மூன்றாவது ஞாயிறு போய் வருகிற வியாழக்கிழமை பையன் ஏற வேண்டும். நேரே போதகரிடம் போனார்.

"ஒரு வழி பண்றேன்னீங்க பாஸ்டர்."

"பண்ணியாச்சே! காத்திருப்போர் பட்டியல்ல உங்க மக பேருதான் முதல்ல."

"எதுக்குக் காத்திருக்கணும்?"

"அறை நிறைஞ்சிருக்கே. பதினோரு இடம், பதினோரு வாலிபர், வருகை நூத்துக்கு நூறு. பேராயருக்கு அறிக்கை போயிருக்கு. ரொம்பச் சந்தோஷப்பட்டார். மூணாவது ஞாயிறு அவரே திறக்க வர்றார்."

"கூடுதலா ரெண்டு நாற்காலி போடுங்க."

"நெருக்கமாயிடும். யாருக்காவது வாலிபம் முடிஞ்சு இடம் காலியாகட்டும்."

"யாருக்கு, எப்ப முடியும்?"

"தற்காலிக வாலிபருக்கு வயசு வரம்பைக் குழு இன்னும் வகுக்கலை" என்ற போதகர், "உங்களோடது" என்று ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி அதைப் பிரித்து உரக்க வாசித்தாள். "இந்த வாலிபர் பத்து வாரமும் தவறாமல் வந்தவர், நன்னடத்தை உள்ளவர், பெரியவர்களுக்குக் கீழ்ப்படிகிறவர், திருமணத்துக்குத் தகுதியானவர் என்று மகிழ்ச்சியுடன் சான்றளிக்கிறோம்." தாளை மடித்தாள். "யாருங்க பொண்ணு?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நின்றதும் எழுந்து போய் ஏற்கெனவே கழுவிய தட்டுகளை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். "விடுங்கப்பா. ஒன்றரை வருஷம்தானே" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

அந்தக் குரலைத் தச்சரால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் போய் ஓலை விண்ணப்பத்தை வாங்கி நிரப்பினார். மாப்பிள்ளை என்ற இடத்தில் தன் பெயர். பெண் என்ற இடத்தில் மனைவி பெயர். தனக்கு வந்த கடிதத்தை அதோடு குத்திப் போதகர் மேஜையில் வைத்தார். ஜெயில் ஐயாவும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது விளையாட்டு?" என்றார் போதகர்.

"விளையாட்டு இல்லீங்க. கடிதம் இருந்தா ஓலை வாசிக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் வாலிபன் இல்லைன்னா அப்படியே எழுதிக் குடுங்க, கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன். நான் ஒருத்தன் இல்லைன்னா மீதிப் பத்துப் பேரும் இல்ல. அதையும் சேர்த்து எழுதுங்க. பேராயர் வந்தா நானே காட்டிக்கிறேன்."

இவர்கள் பயந்து மகளுக்கு ஒரு கடிதம் நீட்டுவார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. குழுவின் துணிச்சலை அவர் குறைத்து எடை போட்டுவிட்டார்.

ஜெயில் ஐயா போதகரின் காதருகே குனிந்தார். தனக்குக் காது மந்தம் என்பதால் ரகசியத்தைக் கத்தியே சொன்னார். "வாசிச்சு விடுங்க! யார் கவனிக்கப் போறா? ஓலை வாசிக்கிற நேரத்துல சபை முழுக்கக் குடையைத் தேடிக்கிட்டிருக்கும்!"

ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள். போதகர் இரண்டு பெயரையும் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் உருட்டினார். சபை குடையைத் தேடிக்கொண்டுதான் இருந்தது. "இவர்களை இணைக்கக் கூடாதபடி நியாயமான தடை எதையாவது அறிந்தவர்கள்..." என்று முடிப்பதற்குள் தச்சரின் பக்கத்தில் சேலை சரசரத்தது.

"தடை இருக்குங்க" என்றாள் மனைவி.

குடைகள் நின்றன.

தச்சர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் தட்டிவிட்டாள். "மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு பாஸ்டர். சம்சாரம் உயிரோட இருக்கு."

போதகர் நெற்றியைத் துடைத்தார். "யாரும்மா அது?"

"நான்தான். நீங்க வாசிச்ச பொண்ணும் நான்தான். என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கலை."

ஆராதனை முடிந்து கால் மணி நேரத்தில் தச்சரையும் மனைவியையும் போதகர் அறையில் உட்கார வைத்துக் குழு சுற்றி நின்றது. போதகர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தடை என்று யாராவது எழுந்துவிட்டால் மூன்று நாளைக்குள் பேராயர் விசாரிக்க வேண்டும், வருகைப் பதிவேட்டோடு.

"விசாரிக்கட்டுங்க. நான் எதையும் மறைக்க மாட்டேன். அந்தப் பதினோரு வாலிபரையும் வரிசையா நிற்க வெச்சு ஒருதரம் பாருங்க ஐயான்னு மட்டும் கேட்டுக்குவேன்" என்றாள் மனைவி.

தச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவளை இன்னும் முழுசாகத் தெரிந்துகொள்ளவில்லை என்று பட்டது.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார் ஜெயில் ஐயா. அவர் குரலில் அவ்வளவு வரவேற்பு அதுவரை இருந்ததில்லை.

"எனக்கென்ன வேணும்? என் பொண்ணு பேரு ஓலையில வரணும்."

"கடிதம் இல்லாம எப்படி..." என்று ஆரம்பித்தார் போதகர்.

செயலாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "பாஸ்டர், பொண்ணோட அப்பா உட்கார்ந்தது குடும்பத்தின் சார்பான்னு குறிப்பேட்டுல சேர்த்துக்கலாம். நாங்களும் எல்லாரும் ஏதோ ஒரு குடும்பத்தின் சார்பாத்தானே உட்கார்ந்தோம்? அப்ப அந்தக் கடிதம் பொண்ணுக்கும் செல்லும். ஓலையில பேரு மாறி வந்ததும் தப்பு இல்ல, தடையும் இல்ல. வெறும் திருத்தம்."

திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தனை பேருக்கும் உயிர் திரும்பி வந்தது.

"புதுசா ஆரம்பிச்சா மூணு ஞாயிறுக்கு நாள் இல்லீங்க" என்றார் தச்சர் பதற்றத்துடன்.

"எதுக்குப் புதுசா? ஒரு தடவை வாசிச்சாச்சே. அது வாசிச்சது வாசிச்சதுதான்" என்றார் ஜெயில் ஐயா.

அடுத்த ஞாயிறு ஒருவரும் குடையைத் தேடவில்லை. வராதவர்களும் வந்திருந்தார்கள். போதகர் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, எதிரில் வைத்ததை அப்படியே வாசித்தார்.

"சென்ற வாரம் வாசிக்கப்பட்ட ஓலையில் ஒரு சிறு திருத்தம். மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக வேறு மாப்பிள்ளையின் பெயரும், பெண்ணின் பெயருக்குப் பதிலாக அவர்களுடைய மகளின் பெயரும் சேர்த்து வாசித்துக்கொள்ளவும். மற்றபடி ஓலையில் மாற்றமில்லை. இது இரண்டாம் முறை."

தச்சர் விரல் விட்டு எண்ணினார். வருகிற ஞாயிறு மூன்றாவது. செவ்வாய்க்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை கப்பல். நடுவில் ஒரு முழு நாள் இருந்தது. முன் வரிசையில் மகளின் தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. இந்தத் தடவை அது சிரிப்புதான்.

மனைவி அவர் பக்கம் சாய்ந்தாள். "ஏங்க, அப்ப நமக்கு என்ன ஆச்சு?"

"மூணு தடவை வாசிக்கணும். நம்மளது ஒண்ணோட நின்னுபோச்சு."

"தப்பிச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.